முதல் கீமோ முடிந்து நான்காம் நாள்: எது வழக்கமானது, எதற்குப் போன் செய்ய வேண்டும்?

தென்றல்_41

வணக்கம். எனக்கு வயது 41, மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. இந்தச் செவ்வாய்க்கிழமை முதல் கீமோ ஏற்றினார்கள், அதை முதல் நாளாகக் கணக்கு வைத்தால் இன்று நான்காம் நாள். டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு இரண்டும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை 4 சுற்று, அதன் பிறகு பாக்ளிடாக்ஸல் வாரம் ஒன்றாக 12 என்று சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பிக்கும் முன் உட்காரவைத்து நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார்கள், தாள்களும் கொடுத்தார்கள், ஆனால் அன்று என் காதில் எதுவும் ஏறவில்லை. இப்போது அந்தத் தாளை எடுத்துப் படித்தால் பக்கம் பக்கமாகப் பக்கவிளைவு எழுதியிருக்கிறது, எனக்கு எது வரும், எப்போது வரும், வந்தால் எதைச் சும்மா விடலாம் என்று புரியவில்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். அன்று ஏற்றும்போது எதுவுமே தெரியவில்லை, சிவப்பு மருந்தை நர்ஸ் பெரிய சிரிஞ்சில் வைத்து மெதுவாகக் கையாலேயே செலுத்தினார், பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் சிவப்பாகப் போனது, ரத்தம் என்று நினைத்து நடுங்கிவிட்டேன், அப்புறம்தான் மருந்தின் நிறம் என்று தாளில் பார்த்தேன். முதல் இரண்டு இரவும் தூக்கமே இல்லை. முகம் சிவந்து சூடாக இருந்தது, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அலமாரியை ஒழுங்குபடுத்தினேன், இவ்வளவுதானா கீமோ என்றுகூட நினைத்தேன். நேற்று மாலையிலிருந்து எல்லாம் தலைகீழ். கையைத் தூக்க முடியவில்லை, வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது, எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது, நான்கு நாளாக வயிறு போகவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்று 'தேவைப்பட்டால்' என்று எழுதியிருக்கிறது. வாந்தி எடுக்கவில்லையே, இதற்கெல்லாம் எதற்கு என்று அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். மருத்துவமனையில் 24 மணி நேரமும் பேசலாம் என்று ஒரு எண் கொடுத்தார்கள், இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். என்னைவிட மோசமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், குமட்டலுக்கும் மலச்சிக்கலுக்கும் அவர்களைத் தொந்தரவு செய்வதா என்று தயக்கம்.

ஒவ்வொரு சுற்றும் இப்படித்தான் இருக்குமா? இன்னும் மோசமாகுமா? எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது? முடியை இப்போதே வெட்டிவிடவா? ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான், அவனுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. இதே வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ஈரமண்

தென்றல், இதே மருந்து, இதே 4 சுற்று, இதே 12 வாரம், எனக்கு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் அந்த மாத்திரையைப் போடுங்கள். படித்து முடித்துவிட்டு அல்ல, இப்போதே எழுந்து போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். 'தேவைப்பட்டால்' என்றால் வாந்தி எடுத்தால் என்று நானும் நினைத்தேன், முதல் சுற்றில் ஐந்து நாள் வீணாக அவதிப்பட்டேன். வயிறு லேசாகப் புரள ஆரம்பிக்கும்போதே போட வேண்டும், குமட்டல் முற்றிய பிறகு போட்டால் மாத்திரை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த சுற்றில் நான் டாக்டரைக் கேட்டு முதல் ஐந்து நாளும் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டேன், குமட்டுகிறதோ இல்லையோ. பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

அந்த முதல் இரண்டு நாள் உற்சாகமும் தூக்கமின்மையும் முகச் சிவப்பும் பெரும்பாலும் ஸ்டீராய்டு வேலை. வாந்தி வராமல் இருக்க டெக்ஸாமெதசோன் கொடுத்திருப்பார்கள், மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். அது இருக்கும்வரை உடம்பு ஓடும், நின்ற மறுநாள் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும், அழுகையும் அதோடு சேர்ந்து வரும். எனக்கு எப்போதும் நான்காம் நாள் மாலை. முதல் தடவை என் மனம்தான் உடைந்துவிட்டது என்று நம்பினேன், என்னால் இதைத் தாங்க முடியாது என்று என் கணவரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். இரண்டாம் சுற்றிலும் அதே நான்காம் நாள், அதே நேரம் அழுகை வந்தபோதுதான் இது மருந்து இறங்குவது என்று புரிந்தது. அதன் பிறகு அந்த ஒரு மாலைக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை, எந்த முடிவும் எடுக்கவில்லை, அழுகை வந்தால் அழுதேன். ஸ்டீராய்டைக் காலையிலேயே போட்டால் இரவுத் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும், உங்களுக்கு அப்படி மாற்றலாமா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் எனக்குக் காட்டியது ஒரு நோட்டு. நாள் 1, நாள் 2 என்று 21 வரை எழுதி, ஒவ்வொரு நாளும் இரண்டே வரி. குமட்டல் எவ்வளவு, வயிறு போனதா, காய்ச்சல் எவ்வளவு, தூக்கம், வேறு ஏதாவது. முதல் சுற்றில் எல்லாமே திடீரென்று வருவதுபோல் இருக்கும், நோட்டு எழுதினால் இரண்டாம் சுற்றில் முன்கூட்டியே தெரியும். எனக்கு 3 முதல் 6 வரை மோசம், 7-ல் பசி எட்டிப்பார்க்கும், 8 முதல் 13 வரை வாய்ப்புண்ணும் அசதியும், 15-க்கு மேல் கிட்டத்தட்ட நான் நானாக இருந்தேன். உங்கள் உடம்பின் அட்டவணை வேறாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கென்று ஒன்று நிச்சயம் இருக்கும். டாக்டரிடம் போகும்போதும் 'கொஞ்சம் கஷ்டமாக இருந்தது' என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்த நோட்டைக் காட்டியதில்தான் மருந்துகள் மாறின.

முடி விஷயத்தில் நேராகவே சொல்கிறேன், இந்த மருந்துக் கூட்டணியில் அநேகமாக எல்லோருக்கும் கொட்டும். இரண்டாம் வாரக் கடைசியிலிருந்து மூன்றாம் வாரத்துக்குள் ஆரம்பிக்கும். உதிர்வதற்கு முன் தலைத்தோல் வலித்தது, தலையணையில் சாய்த்தால் முடியை யாரோ ஒரே பக்கமாக இழுத்துக் கட்டியதுபோல். தலையைக் குளிரவைக்கும் தொப்பி என்று ஒரு முறை உண்டு, அதை முதல் கீமோவுக்கு முன்பே தொடங்க வேண்டும், அதனால் அதைப்பற்றி இப்போது யோசித்து வருத்தப்பட வேண்டாம். இப்போதே மொட்டை அடிக்க அவசியமில்லை, குட்டையாக வெட்டிக்கொண்டால் கொட்டும்போது கைநிறைய வருவது குறையும். நான் வெட்டாமல் இருந்து, குளியலறையில் நீளநீளமாக வந்து விழுந்ததைப் பார்த்த அந்த நாள், கீமோவிலேயே எனக்கு மிகக் கஷ்டமான நாள். புருவமும் இமைமுடியும் பிற்பாடு போகலாம். முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வந்தது, முதலில் சுருளாக.


காலைநடை

நான் நோயாளி இல்லை, என் மனைவிக்குப் பார்த்துக்கொண்டவன். ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன், தயவுசெய்து வீட்டில் இருப்பவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் சுற்றில் பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அவளுக்கு 38.1 டிகிரி. பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், பேசிக்கொண்டிருந்தாள். நான் பாராசிட்டமால் கொடுத்தேன், காய்ச்சல் இறங்கியது, சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். காலை ஐந்து மணிக்கு உடம்பு உதறுகிறது, ரத்த அழுத்தம் இறங்கி எழுந்து நிற்க முடியவில்லை. வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒன்று, கிருமியோடு முதலில் சண்டைபோடுவது அதுதான், அது 500-க்கும் கீழே இருந்தது, சாதாரணமாக 1500-க்கு மேல் இருக்க வேண்டும். ஆறு நாள் மருத்துவமனை, நரம்பு வழி ஆன்டிபயாட்டிக். பிழைத்துவிட்டாள், இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை நான்தான் வீணாக்கினேன், அதை இன்னும் மறக்க முடியவில்லை.

38 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 100.4. உங்கள் தாளில் இதைவிடக் குறைவான எண் இருந்தால் அந்த எண். அதைத் தொட்டதும் போன் செய்ய வேண்டும், மணி என்னவானாலும், நோயாளி எவ்வளவு தெளிவாக இருந்தாலும். அவர்கள் சொல்லாமல் காய்ச்சல் மாத்திரை போடக் கூடாது, அது காய்ச்சலை மறைக்கும், உள்ளே நடப்பதை நிறுத்தாது. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது சீழ், வீக்கம், சிவப்பு என்று வெளியே எதுவும் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அந்தச் சீழை உண்டாக்கவே அணுக்கள் வேண்டும். காய்ச்சல் மட்டும்தான் சில சமயம் ஒரே அடையாளம். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அதேபோல்தான். இதை எனக்கு டாக்டர் பின்னால் விளக்கியபோது முன்பே தெரிந்திருந்தால் என்று இருந்தது.

அதற்குப் பிறகு தெர்மாமீட்டரைப் படுக்கைப் பக்கத்திலேயே வைத்தோம், ஒரு பை தயாராகக் கதவருகில், அதில் சிகிச்சை அட்டை, மருந்துப் பட்டியல், சார்ஜர், மாற்று உடை. யார் வண்டி எடுப்பது, பிள்ளையை யார் பார்ப்பது என்று பகலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், நள்ளிரவில் பேச முடியாது.

இன்னொன்று, கீமோ ஏற்றிய முதல் 48 மணி நேரமாவது கழிவறையை மூடியைப் போட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள், வாந்தியோ அழுக்குத் துணியோ எடுக்கும்போது வீட்டில் இருப்பவர் கையுறை போட வேண்டும். மருந்து உடம்பிலிருந்து அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. கட்டிப்பிடிக்க, பக்கத்தில் படுக்க எந்தத் தடையும் இல்லை, பையனிடமிருந்து விலகி இருக்க வேண்டாம், அவனுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஊசிமுனை

கீமோ வார்டில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். தென்றல், நீங்கள் எடுத்து வைத்த அந்த இரண்டு போனைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

'உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன்' என்பதை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன், பெரும்பாலும் நிலைமை சிக்கலான பிறகு. குமட்டலுக்குப் போன் செய்பவர் எங்களுக்குச் சுலபமான நோயாளி, ஒரு மாத்திரையை மாற்றினால் போதும். மூன்று நாள் பொறுத்துக்கொண்டு தண்ணீர்கூட இறங்காமல் வருபவருக்கு ட்ரிப்ஸ் போட வேண்டும், சிறுநீரகம் பார்க்க வேண்டும், சில சமயம் அடுத்த சுற்றையே தள்ளிவைக்க வேண்டும். பொறுமைசாலி நோயாளியால் எங்கள் வேலை குறைவதே இல்லை, கூடத்தான் செய்கிறது. அந்த எண் உங்களுக்காகத்தான் இருக்கிறது, இன்றைக்கே கூப்பிட்டு குமட்டல், நான்கு நாள் மலச்சிக்கல் இரண்டையும் சொல்லுங்கள்.

மலச்சிக்கல் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையே குடலை மந்தமாக்கும், அதோடு குறைவான சாப்பாடும் படுக்கையும் சேர்ந்துகொள்ளும். அடுத்த சுற்றிலிருந்து அந்த மாத்திரையை ஆரம்பிக்கும் நாளே மலமிளக்கியும் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். ஆனால் நீங்களாகவே எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து எதுவும் எடுக்கக் கூடாது. அணுக்கள் குறையும் நேரத்தில் அங்கே ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வாசல். தெர்மாமீட்டரையும் அங்கே வைக்கக் கூடாது.

ஏன் இதெல்லாம் வருகிறது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். இந்த மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுச் செல் அப்படிப்பட்டது. வாயின் உள்தோல், குடலின் உள்தோல், முடிவேர், எலும்பு மஜ்ஜை இவையும் அப்படிப்பட்டவை. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் அடிபட்டு தன் வேகத்தில் எழுந்துவரும், அதனால்தான் ஒரே மருந்துக்கு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தொல்லை. குமட்டல் முதல் வாரம். வாய்ப்புண் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வரலாம். நியூட்ரோபில்கள் 7-க்கும் 14-க்கும் இடையில் அடிமட்டத்துக்குப் போகும், மூன்றாம் வாரம் ஏறிவிடும், 21 நாள் இடைவெளி வைப்பதே அதற்குத்தான். உங்களுக்குக் கீமோ முடிந்த மறுநாள் ஒரு ஊசி போட்டிருந்தால் அது மஜ்ஜையைத் தூண்டும் ஊசி, அதனால் இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் வலி வரலாம். ஆனால் நெஞ்சில் எந்த வலி வந்தாலும், மூச்சு வாங்கினாலும், அது ஊசி வலிதான் என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது, உடனே சொல்ல வேண்டும்.

வாயை இப்போதே காப்பாற்ற ஆரம்பியுங்கள். மிக மென்மையான பிரஷ், ஆல்கஹால் உள்ள மௌத்வாஷ் வேண்டாம். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு, நாளுக்கு நான்கைந்து தடவை கொப்பளித்துத் துப்பிவிட்டு வெறும் தண்ணீரில் ஒருமுறை கொப்பளியுங்கள். இரும்புச் சுவைக்கு ஸ்டீல் ஸ்பூனை விட்டுவிட்டு பிளாஸ்டிக் அல்லது மர ஸ்பூன் பயன்படுத்திப் பாருங்கள், சூடான சாப்பாட்டைவிட ஆறியது பலருக்கு இறங்கும், வாசனை குறைவு என்பதால். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடியுங்கள். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடியது, அதனால் முதல் ஓரிரு நாள் அடிக்கடி சிறுநீர் கழிப்பது முக்கியம். சிவப்பு நிறம் ஓரிரு நாளில் போய்விடும், அதற்குப் பிறகும் சிவப்பாகவோ எரிச்சலோடோ போனால் அது மருந்தின் நிறம் இல்லை, சொல்லுங்கள். (அந்தச் சிவப்பு யாரும் சேர்த்த சாயம் இல்லை. டாக்ஸோரூபிசின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் பொருள், அதன் இயல்பான நிறமே அதுதான்.)

அந்த நர்ஸ் ஏன் பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் செலுத்தினார் தெரியுமா, அந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். அடுத்த முறை ஏற்றும்போது ஊசி இடத்தில் எரிச்சல், குத்தல், வீக்கம் எது தெரிந்தாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும், முடியட்டும் என்று பல்லைக் கடிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த இடம் சிவந்தாலும் சொல்ல வேண்டும்.

கீமோ என்றால் ஓயாமல் வாந்தி என்று எல்லோர் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது. அது பெரும்பாலும் ஒன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் 1991 வாக்கில் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்துப் படம். இன்றைக்கு ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் அடுத்தது இருக்கிறது, அப்ரெபிடன்ட் இருக்கிறது, ஓலன்சபின் இருக்கிறது, அது தூக்கமும் தரும். ஆனால் முதல் சுற்றில் எவ்வளவு குமட்டியது என்று நீங்கள் சொன்னால்தான் இரண்டாம் சுற்றுக்கு மாற்றுவார்கள். முதல் சுற்றுகளிலேயே குமட்டலை அடக்காவிட்டால், பிறகு மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே குமட்ட ஆரம்பிக்கும், மூளை அதைக் கற்றுக்கொண்டுவிடும், அதை மாற்றுவது கடினம். அதனாலும் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.


தென்றல்_41

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது. ஈரமண் அக்கா, நீங்கள் சொன்னபடியே பாதி படிக்கும்போது எழுந்து போய் மாத்திரை போட்டேன். அப்புறம் அந்த எண்ணுக்கும் போன் செய்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, எடுத்தவர் சலித்துக்கொள்ளவே இல்லை, மலமிளக்கி எழுதிக் கொடுத்தார்கள், குமட்டல் மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல் போடச் சொன்னார்கள். இன்று ஆறாம் நாள், வயிறு போய்விட்டது, இதை இவ்வளவு சந்தோஷமாக எழுதுவேன் என்று நினைத்ததில்லை. நேற்று கொஞ்சம் சாப்பிட்டேன். நோட்டும் ஆரம்பித்தாயிற்று, முந்தைய நாட்களையும் நினைவிலிருந்து எழுதிவிட்டேன்.

பையனிடம் இன்னும் பேசவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் தெரியும், ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் வேறு ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள், தைரியமாக இரு, அழாதே, நல்லதையே நினை என்கிறார்கள். அழுதால் சிகிச்சை கெட்டுவிடுமோ என்றுகூட ஒரு பயம்.


மறுகரை

தங்கச்சி, நான் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆறு மாதத்தில் 12 சுற்று முடித்தவன், எனக்கு வேறு மருந்து, ஆக்சாலிபிளாட்டின். முடி முழுசாகப் போகவில்லை, ஆனால் குளிர்ந்த எதையும் தொட முடியாது, தொட்டால் விரலில் ஷாக் அடிக்கும், குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைபடுவதுபோல் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீமோ என்பது ஒரே பொருள் கிடையாது, அடுத்த படுக்கைக்காரருக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டியதில்லை. உங்கள் பாக்ளிடாக்ஸல் வாரங்கள் வரும்போது விரல் நுனியிலும் பாதத்திலும் மரத்துப்போவதைக் கவனியுங்கள், பித்தான் போடச் சிரமமாக இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். நான் அளவைக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து சொல்லாமல் இருந்தேன். இன்னும் கால்விரல்கள் முழுசாகத் திரும்பவில்லை.

அழுவதால் சிகிச்சை கெடாது. மருந்து நீங்கள் சிரித்தாலும் அழுதாலும் தன் வேலையைச் செய்யும். தைரியமாக இரு என்று மற்றவர்கள் சொல்லும்போது அவர்களுடைய பயத்தையும் நாமே சுமக்க வேண்டியதாகிவிடுகிறது, எனக்கு நோயைவிட அதுதான் களைப்பாக இருந்தது. ஒரே ஒரு நண்பனிடம் மட்டும் 'நீ எதுவும் சொல்லாதே, கேள்' என்று சொல்லிவைத்திருந்தேன். அவன் வந்து உட்காருவான், போவான். அப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடாதீர்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கும் மேல் விடாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் உதவி உண்டு.

சொந்தக்காரர்கள் கொடுக்கும் மூலிகை, பொடி, சத்து மாத்திரை எதையும் புற்றுநோய் டாக்டரிடம் காட்டாமல் உள்ளே விடாதீர்கள். கீமோ மருந்தையும் கல்லீரல்தான் கையாள்கிறது, இடையில் வேறு எதையாவது கொடுத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறலாம், இறங்கலாம். 'டாக்டர் வேண்டாம் என்றார்' என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டால் யார் மனமும் புண்படாது.

நடப்பது பற்றி யாரும் எழுதவில்லை. படுத்தே இருந்தால் அசதி கூடும், இது நம்பக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை. நல்ல நாட்களில் பத்து நிமிடம் நடங்கள், மோசமான நாளில் அறைக்கும் வாசலுக்கும் போய்வந்தால் போதும், அன்றைக்கு அதற்கும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பையன் விஷயம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் மறைத்தோம். ஒரு நாள் அவள் என் மனைவியிடம், நான் அப்பா சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனதா என்று கேட்டாள். அன்றிரவே உட்காரவைத்துச் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், இது உன்னால் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, மருந்து பலமானது அதனால் சில நாள் அப்பா படுத்திருப்பேன், அப்போது உன்னைப் பள்ளிக்கு அழைத்துப்போவது யார், சாப்பாடு போடுவது யார் என்று எல்லாம் சொன்னேன். 'செத்துவிடுவீர்களா' என்று கேட்டாள். குணமாகத்தான் இந்த மருந்து, டாக்டர்கள் என்ன சொன்னாலும் உனக்கு மறைக்காமல் சொல்வேன் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, போய் வண்ணம் தீட்ட ஆரம்பித்துவிட்டாள். முடி கொட்டுவதற்கு முன்னால் உங்கள் பையனிடம் பேசிவிடுங்கள், அதை அவன் திடீரென்று பார்க்கக் கூடாது.


தென்றல்_41

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், நடுவில் நிறைய நடந்துவிட்டது.

பதினோராம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு 38.2. உடம்பு நன்றாகத்தான் இருந்தது, சத்தியமாக, லேசான தொண்டைவலி மட்டும். மூன்று வாரம் முந்திய நானாக இருந்தால் மாத்திரை போட்டுப் படுத்திருப்பேன். காலைநடை அண்ணா, உங்கள் மனைவிக்கு நடந்ததுதான் கண்முன் வந்தது. கணவரை எழுப்பினேன், போன் செய்தோம், உடனே வரச் சொன்னார்கள், பை கதவருகிலேயே இருந்தது. நியூட்ரோபில் 300. போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்திலேயே ஆன்டிபயாட்டிக் ஏற ஆரம்பித்துவிட்டது, மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

பையனிடம் எட்டாம் நாளே பேசிவிட்டேன், மறுகரை அண்ணா சொன்ன அதே வரிசையில். அவனும் தன்னால் வந்ததா என்றுதான் கேட்டான், நான் அழுதுவிட்டேன், அவன் பயப்படவில்லை. பதினேழாம் நாள் முடி கொட்ட ஆரம்பித்தது, குட்டையாக வெட்டியிருந்தேன், மறுநாள் என் அக்கா வந்து மெஷினால் எடுத்துவிட்டாள், பையன் தலையைத் தொட்டுப் பார்த்தான்.

இந்தச் செவ்வாய் இரண்டாம் சுற்று. நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன், அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இரவில் ஓலன்சபின் சேர்த்திருக்கிறார், ஸ்டீராய்டு காலையில், மலமிளக்கி முதல் நாளிலிருந்தே, மறுநாளே மஜ்ஜைக்கான ஊசி. இடுப்பு எலும்பு வலிக்கிறது, அது ஒன்றுதான் புதிது, போன் செய்து கேட்டுவிட்டேன். இன்று நான்காம் நாள். மாலைக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை.

ஈரமண் அக்கா, ஒரே ஒரு கேள்வி. இரண்டாம் சுற்றிலும் உங்களுக்குப் பசி ஏழாம் நாளே திரும்பியதா?


ஈரமண்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் சுற்றில் ஆறாம் நாள் மாலை, 'கொஞ்சம் பசித்தது, ஒரு தட்டு சாப்பிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். நாளை மறுநாள் மாலை எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.